இரண்டாம் வைத்தியரும் மஹாவிச்வாஸமும்

திருவிழாக் காலத்தில் எம்பெருமானின் திருமுன்பு வந்து நிற்கும் அடியார்கள் அனைவரும் ஒரே வேண்டுதலோடு வருவதில்லை. திருமணம் கைகூட வேண்டுமென்று வருவோர் உண்டு. வேண்டுதல் எதுவுமின்றித் திருமேனி ஸேவையையே பேறாகக் கருதி வருவோரும் உண்டு. இவர்களுக்கிடையே, ஒரு கையில் துளஸி மாலையும் மறுகையில் ஆஸ்பத்திரிச் சீட்டுகள் அடங்கிய பையுமாக வந்து நிற்போரின் கண்ணீர் தனிப்பட்டது. நோய் இன்னதென்றே விளங்காமல் மாதக்கணக்கில் மருந்துண்டு, மேலும் மேலும் நலிகின்ற குழந்தையைப் பெற்றவர்கள் இவர்கள். இவர்களுடைய உள்ளத்தில் வேண்டுதலோடு கூட ஒரு தர்ம ஸந்தேகமும் எழுகின்றது. ஒரு வைத்தியரை நம்பி ஒப்படைத்த பின்பு மற்றொருவரின் கருத்தை நாடுவது முறையாகுமா? அது முன்னவருக்குச் செய்யும் அவமதிப்பும், பகவானிடத்தில் அவிச்வாஸமும் ஆகாதா?

இந்த ஸந்தேகத்தை ஒரு குடும்பத்தின்மேல் ஏற்றிப் பார்த்தால் அதன் கனம் விளங்கும். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று கொள்வோம். பதினோராவது வயதில் அவளுக்குக் காமாலை கண்டு, தானே தணிந்துவிட்டது. இப்போது அவளுடைய அழகிய கையெழுத்து கோணலாகிறது, பேச்சு குழறுகிறது, ஏந்திய பாத்திரம் கைநழுவி விழுகிறது, காரணமின்றி அழுகிறாள், சினக்கிறாள். மூன்று தலைமுறையாக அக்குடும்பத்துக்கு வைத்தியம் பார்த்து வரும் பெரியவர், பரீக்ஷை பயத்தால் வந்த மனத்தளர்ச்சி என்று கருதி மருந்து தருகிறார். ஆறு திங்கள் கழிந்தும் குணமில்லை. பாட்டியார், “அவர் கைராசிக்காரர், அவரை விட்டு இன்னொருவரிடம் போவது நன்றி கெட்ட செயல்” என்கிறார். தந்தையார், “பெருமாள் பார்த்துக்கொள்வார்” என்று கூறி அமைகிறார். தாயார் மட்டும் இரவில் உறங்காமல், வேறொருவரிடம் காட்டினால் என்னவென்று எண்ணுகிறாள். அவ்வாறு எண்ணுவதே பாவமோ என்று அஞ்சவும் செய்கிறாள்.

இந்தக் குறிகள் அனைத்தும் ஒருங்கே அமைகின்ற அரிய நோய் ஒன்று உண்டு. 1912-ஆம் ஆண்டில் கின்னியர் வில்ஸன் என்னும் மருத்துவர் அதனை விரிவாக எழுதினமையால், வில்ஸன் நோய் என்று பெயர் பெற்றது. ஏறத்தாழ முப்பதாயிரம் பேரில் ஒருவருக்கே வருவது. உணவின் வழியாக உடலில் சேரும் செம்பில் மிஞ்சியதைப் பித்தநீரின் மூலம் வெளியேற்றுவது கல்லீரலின் தொழில். பிறவியிலேயே அமைந்த குறைபாட்டினால் இத்தொழில் தடைப்படவே, செம்பு முதலில் கல்லீரலிலும், பின்னர் மூளையிலும் கண்ணிலும் படிகின்றது. அன்று வந்த காமாலையும் இன்று வந்த கைநடுக்கமும் ஒரே வேரில் கிளைத்த இரு கொம்புகளாகலாம். காமாலையை மட்டும் கண்டவர் சாதாரணக் காமாலை என்பார். அழுகையை மட்டும் கண்டவர் மனநோய் என்பார். இரண்டையும் சேர்த்துக் காண்பவருக்கே நோய் புலப்படும்.

அவ்வாறு காண்பவர் செய்யும் சோதனைகளும் பெரியனவல்ல. கண் மருத்துவர் உருப்பெருக்கும் விளக்கினால் பார்க்கையில், கருவிழியின் ஓரத்தில் பழுப்பும் பசுமையும் கலந்த வளையம் ஒன்று தென்படக்கூடும். இரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதம் குறைந்திருக்கிறதா, ஒரு நாள் முழுதும் சேகரித்த சிறுநீரில் செம்பு மிகுந்திருக்கிறதா என்பதையும் அளந்தறிவர். 1956-ஆம் ஆண்டில் ஜான் வால்ஷ் என்னும் ஆங்கிலேய மருத்துவர், உடலில் படிந்த செம்பைப் பற்றி வெளியேற்றும் பெனிஸில்லமைன் என்ற மருந்தை இந்நோய்க்கு அறிமுகப்படுத்தினார். துத்தநாக உப்பு முதலிய வேறு மருந்துகளும் பின்னர் வழக்கில் வந்தன. காலத்தில் கண்டறிந்து வாழ்நாள் முழுதும் மருந்தை விடாது உண்டால், பலர் படித்து, தொழில் புரிந்து, மக்களைப் பெற்று வாழ்கின்றனர். கண்டறியாது விட்டாலோ கல்லீரலும் மூளையும் சீரழிந்து மரணம் நேரும். ஆகவே அத்தாயின் எண்ணம் வீண் சபலமன்று. ஒரு பெண்ணின் உயிர் அதைப் பற்றி நிற்கின்றது.

அதுவுமன்றி, தாய் தந்தை இருவரிடமும் மறைந்திருக்கும் குறை ஒன்று சேரும்போதுதான் இந்நோய் பிள்ளைக்கு வருகின்றது. உடன்பிறந்தார் ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள்ளேயே மணம் முடிக்கும் நம் நாட்டு வழக்கத்தில், இத்தகைய மறைந்த குறைகள் சந்திப்பதற்கு இடம் அதிகம். அக்காளுக்குக் காணப்பட்ட நோயை, இன்னும் குறி தோன்றாத தம்பியிடமும் சோதித்தறிந்து, அவனை முன்னதாகவே காக்கலாம். இரண்டாம் வைத்தியரிடம் செல்லாமல் இருந்தால், இழப்பு ஒரு பிள்ளையோடு நிற்கும் என்பதற்கும் உறுதியில்லை.

இனி, ஆக்ஷேபங்களை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

ஸம்பிரதாயத்தில் பழகியவர் முதலில் எழுப்பும் ஆக்ஷேபம் பிரம்மாஸ்திர நியாயம். ஸுந்தர காண்டத்தில் இந்திரஜித்தின் பிரம்மாஸ்திரத்தால் கட்டுண்ட திருவடியை, அறியாத அரக்கர் சணற்கயிறும் மரவுரிக்கயிறும் கொண்டு மீண்டும் பிணித்தனர். மற்றொரு கட்டைப் பொறாத அஸ்திரம் தானே விலகிற்று. சரணாகதி செய்தவன் வேறோர் உபாயத்தையும் பற்றினால், சரணாகதியும் அவ்வாறே நழுவிவிடும் என்று ஆசார்யர்கள் அருளிச்செய்வர். அங்ஙனமாயின், ஒரு வைத்தியரைப் பற்றியபின் மற்றொருவரைப் பற்றுவதும் குற்றமன்றோ என்று கேட்கலாம்.

திருஷ்டாந்தத்தை அதற்குரிய இடத்தில் வைத்துப் பொருள் கொள்ள வேண்டும். அஸ்திரத்துக்குச் சொல்லியது, மோக்ஷத்தின் பொருட்டு எம்பெருமானையே உபாயமாகப் பற்றுவதைக் குறித்தது. அவன் ஸர்வஜ்ஞன், ஸர்வசக்தன். அவனுக்குத் துணை தேடுவது அவனுடைய நிறைவை ஐயுறுவதாகும். வைத்தியரோ நம்மைப் போன்ற மனிதர். ஆயிரம் நோயாளரைக் கண்டவரும், முப்பதாயிரத்தில் ஒருவருக்கு வரும் நோயைத் தம் வாழ்நாளில் ஒருமுறையும் காணாதிருக்கலாம். அவரிடம் பிரம்மாஸ்திர நியாயத்தைச் செலுத்துவது, ஈச்வரனுக்குரிய மஹாவிச்வாஸத்தை ஒரு மனிதர்மேல் சுமத்துவதாகும். அது விச்வாஸத்தின் மிகுதியன்று. இடம் மாறிய விச்வாஸம். அந்தச் சுமையை நல்ல வைத்தியர் தாமும் விரும்பமாட்டார்.

இரண்டாவது ஆக்ஷேபம் இன்னும் நெஞ்சைத் தொடுவது. குலசேகராழ்வார் வித்துவக்கோட்டு எம்பெருமானைப் பாடிய பதிகத்தில், அறுத்தும் சுட்டும் சிகிச்சை செய்பவரிடத்திலும் நோயாளன் அன்பு மாறாதிருப்பதை உவமையாக எடுத்தார். அத்தகைய அன்பு மற்றொருவர் வாசலை நாடலாமோ எனின், உவமை எந்த அம்சத்தைக் காட்ட வந்ததோ அந்த அம்சத்தில் மட்டுமே கொள்ளத் தக்கது. துன்பம் தந்தபோதும் வைத்தியரை வெறுக்காத நன்றியை ஆழ்வார் எடுத்துக்காட்டினார். வைத்தியர் தவறமாட்டார் என்று சொல்ல வரவில்லை. நன்றியோடு கூடவே மற்றொருவரையும் கேட்கலாம். முதல் வைத்தியரை மறைத்துச் செல்வதும் இகழ்ந்து பேசுவதுமே குற்றம்.

பெரியோர் நடந்து காட்டிய வழியையும் நோக்குவோம். விபீஷணாழ்வான் சரணம் என்று வந்து நின்றபோது, சக்கரவர்த்தித் திருமகன் ஸுக்ரீவன் ஒருவன் சொல்லோடு அமையவில்லை. அங்கதன், சரபன், ஜாம்பவான், மைந்தன் என்று ஒவ்வொருவரும் சொல்லக் கேட்டான். அவர்கள் ஐயுற்ற இடத்தில், வந்தவனின் முகத்தையும் குரலையும் சான்றாகக் காட்டித் திருவடி மாறுபட்டுரைத்தான். மாறுபட்டதால் ஸுக்ரீவனுடைய நட்புக்குக் குறைவு வரவில்லை. எல்லாம் அறிந்தவனே பலர் கருத்தைக் கேட்டான் என்றால், ஒன்றும் அறியாத நாம் இருவர் கருத்தைக் கேட்பதில் இழிவென்ன?

யுத்த காண்டத்தில் இன்னும் நேரான சான்று உண்டு. இராவணனுடைய வேலால் இளைய பெருமாள் வீழ்ந்தபோது, பெருமாள் தம்பி இறந்தானென்றே துணிந்து கதறினார். ஸுஷேணன் அருகிருந்து, முகத்தின் ஒளி மாறாமையையும் உள்ளங்கையின் சிவப்பையும் கண்ணின் தெளிவையும் கண்டு, உயிர் உள்ளதென்று கூறி, மூலிகைக்குத் திருவடியை அனுப்பினான். அன்பு மிகுந்த கண் துயரத்தால் ஒன்றைத் துணிந்தது. அறிவுடைய கண் குறிகளைக் கொண்டு வேறொன்றைக் கண்டது. பெருமாள் அக்கண்ணுக்கு இடம் கொடுத்தார், தம்பி பிழைத்தான்.

வைத்திய சாஸ்திரமும் இதற்கு மாறானதன்று. அத்துறை வல்லார் ஒருவரோடொருவர் கலந்து உரையாடுவதால் அறிவு வளருமென்று சரக ஸம்ஹிதை விரித்துரைக்கின்றது. காஞ்சீபுரத்தை அடுத்த திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராஜேந்திர சோழனின் காலத்துக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையைக் குறிக்கின்றது. மருத்துவர் ஒருவரோடு, சல்லியக்கிரியை செய்பவரும், மூலிகை கொணர்வோரும், பணிவிடைப் பெண்டிரும் தனித்தனியே நியமிக்கப்பட்டிருந்தனர். ஒருவர் எல்லாம் அறிவார் என்று அக்காலத்தாரும் எண்ணவில்லை. பெருமாள் ஸந்நிதியிலேயே மருத்துவம் நடந்தது, அதனைப் பக்திக்கு மாறென்றும் எண்ணவில்லை. இக்காலத்தில், தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ஆம் ஆண்டில் வகுத்த நோயாளர் உரிமைச் சாஸனத்தில், இரண்டாம் கருத்தைப் பெறும் உரிமை வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருக்கின்றது.

ஆயினும் உரிமைக்கும் ஒழுங்கு உண்டு. இரண்டாம் வைத்தியரை நாடுபவர் முதலாமவருக்கு அதனைச் சொல்லிவிட்டுச் செல்வது பண்பு. பழைய சோதனைத் தாள்கள், உண்ட மருந்துகளின் பட்டியல், குறிகள் தோன்றிய வரிசை, குடும்பத்தில் இறந்தோர் என்ன நோயால் இறந்தனர் என்பது ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். கேட்பவருக்கு 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டுமென்பது இந்திய மருத்துவக் கழகம் 2002-ஆம் ஆண்டில் வகுத்த ஒழுக்க விதி. எந்த மருத்துவரிடமும் செல்லாமல், அந்த உறுப்பில் தேர்ந்தவரிடமும், பல துறையினரும் ஒரே கூரையின்கீழ் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி போன்ற இடத்திலும் காட்டுவதே பயன் தரும். இடையில் உண்ணும் மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. உயிருக்கு அவஸரமான நிலையில் இரண்டாம் கருத்துக்காகக் காலம் தாழ்த்தலும் ஆகாது. இரு வைத்தியர் மாறுபட்டால், இனியவாறு பேசியவர் யார் என்று பாராமல், எந்தக் குறியைக் கொண்டு, எந்தச் சோதனையைக் கொண்டு அவ்வாறு சொல்கிறார் என்று கேட்க வேண்டும்.

இங்கே ஒரு பெருங்குழி உண்டு. மனம் விரும்பும் சொல்லைக் கேட்கும்வரை மூன்றாமவர், நான்காமவர், ஐந்தாமவர் என்று ஓடுவது அது. தேர்ந்தவர் இருவர் ஒத்துச் சொன்னதை, கசப்பாக இருக்கிறது என்பதற்காக மட்டும் தள்ளுவது உண்மையைத் தேடுவதாகாது. உண்மைக்கு ஒளிந்து ஓடுவதாகும். கையிருப்பும் பிள்ளையின் நாட்களும் அவ்வோட்டத்தில் கரைந்துவிடும்.

மேற்சொன்ன குடும்பத்தில் மற்றொரு கலக்கமும் நேரக்கூடும். பாட்டியார் நாள்தோறும் செப்புக் குடத்தில் நீர் நிறைத்து வைத்து, ஆரோக்கியத்துக்கென்று பேத்திக்குத் தருபவர். நோய் தெளிந்தபின் வைத்தியர், செப்புப் பாத்திரத்தில் வைத்த நீர் இவளுக்கு ஆகாதென்கிறார். பிறர்க்கு நன்றாவது இவளுக்கு நஞ்சாகின்றது. அன்பினால் கொடுத்ததே கெடுதல் செய்ததோ என்று பாட்டியார் கலங்குவார். அறியாமல் செய்ததற்கு அவரை யாரும் பழிக்கலாகாது. அறிந்தபின் குடத்தை மாற்றுவதே அவருடைய அன்புக்கு அடையாளம். ஸந்நிதியில் வெள்ளி வட்டிலிலிருந்து தீர்த்தம் ஸாதிக்கும்படி கேட்டுக்கொள்வதில் அபசாரம் எதுவுமில்லை. தீர்த்தத்தின் பெருமை அவன் திருவடி ஸம்பந்தத்தால் வந்தது, பாத்திரத்தால் அன்று.

பழைய வைத்தியரின் நிலையும் எண்ணத் தக்கது. சரணாகதியின் அங்கங்களுள் கார்ப்பண்யம் என்பது ஒன்று. தன் இயலாமையை உணர்ந்து நிற்பது. “இது எனக்குப் பிடிபடவில்லை, தேர்ந்தவரிடம் காட்டுங்கள்” என்று சொல்லும் வைத்தியர் அந்தக் குணத்தின் சாயலைத் தம் தொழிலில் காட்டுகிறார். அவருக்கு அதனால் பெருமை குறைவதில்லை. வாழ்நாள் முழுதும் மருந்துண்ண வேண்டிய பெண்ணுக்கு, அண்டையிலிருந்து கவனிப்பவர் அவரே ஆகவேண்டியிருக்கும். ஆகவே தெளிவு பெற்று வந்த குடும்பம், முதலில் அவர் வாசலுக்கே சென்று நடந்ததைச் சொல்வது தகும்.

எல்லா நோய்க்கும் மருந்து உண்டென்று சொல்வதற்கில்லை. இரண்டாம் கருத்தும் முதற்கருத்தையே உறுதிசெய்து, மீட்சி இல்லையென்று சொல்லும் நாளும் வரலாம். அப்போதும் தேடியது வீணன்று. செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டோமே என்னும் தீராத வேதனையிலிருந்து அது பெற்றோரைக் காக்கும். “பெருமாள் பார்த்துக்கொள்வார்” என்ற தந்தையாரின் வார்த்தை பொய்யன்று. ஆயின் அவன் பார்த்துக்கொள்ளும் வழிகளுள், உறங்காத தாயின் மனத்தில் எழுந்த அந்தக் கேள்வியும் ஒன்றாக இருக்கலாம். அதனை அடக்கிவிட்டு அவனுடைய திருவருளுக்குக் காத்திருப்பது, வந்து நின்ற திருவருளை வாசலிலேயே நிறுத்திவைப்பதாகும். பையில் சீட்டுகளோடு ஸந்நிதிக்கு வரும் அன்பர்கள், தீர்த்தமும் சடாரியும் பெற்று, அச்சம் நீங்கி, அடுத்த வைத்தியரின் வாசலுக்கும் செல்வார்களாக. எம்பெருமான் திருவருள் அவர்களுக்கு முன்னே செல்வதாக.

சுபம்