காப்பரிசி

சென்ற ஆடிப்பெருக்கன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் படையல் முடிந்ததும் காப்பரிசி பங்கிட்டேன். அண்ணன் மகனுக்கு இரண்டு கை. அவன் தங்கை கை நீட்டியபோது, “உனக்கு வேண்டாம்மா, டாக்டர் என்ன சொன்னாங்க?” என்றேன். கையை மடக்கிக்கொண்டு, “ஆத்துக்கு மட்டும் கொடுக்கலாமா அத்தை?” என்றாள்.

ஆடியில் காவிரி கர்ப்பிணி, அவளுக்கு மசக்கை என்பது இங்குள்ள நம்பிக்கை. அதனால்தான் சித்ரான்னமும் வெல்லம் கலந்த அரிசியும். இந்தப் பெண்ணுக்கும் ஆறு வருடம் முன்பு சடங்கு செய்தபோது கருப்பட்டி போட்ட உளுந்தங்களி ஊட்டினோம். தட்டுத் தட்டாக ஜாங்கிரி வந்தது. கர்ப்பப்பைக்கு வலு என்றோம். இப்போது மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை, ஸ்கேனில் பிசிஓடி. அதே கர்ப்பப்பையின் பேரைச் சொல்லி இனிப்பைப் பிடுங்குகிறோம்.

மருத்துவம் சொல்வது பொய்யல்ல. அதிகச் சர்க்கரை இன்சுலினை ஏற்றுகிறது. இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காத உடலில் அது இன்னும் கூடிப்போய், சினைப்பையை ஆண்ட்ரோஜன் சுரக்கத் தூண்டுகிறது. முட்டை முதிராமல் நின்றுவிடுகிறது. ‘நீர்க்கட்டி’ என்று நாம் பயமுறுத்துவது பெரும்பாலும் அப்படி வளர்ச்சி நின்ற முட்டைப்பைகளைத்தான். ஆனால் சர்க்கரை மட்டுமே காரணமில்லை. பரம்பரை உண்டு, ஒல்லியான பெண்களுக்கும் வருகிறது. வாயைக் கட்டாததால் வந்தது என்று ஒரு பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதில் இடமே இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2015இல், சேர்க்கும் சர்க்கரையை நாளுக்கு ஏறக்குறைய 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் நல்லது என்றது. ஆறு தேக்கரண்டி. விடுதியில் என் மாணவிகள் குடிக்கும் மூன்று டீயிலேயே அது தீர்ந்துவிடும். அந்தக் கணக்கு ஆண்களுக்கும் சேர்த்துத்தான்.

அறிவுரை சரி, காரணம் தவறு என்றால் என்ன கெட்டுவிடும்? பலன் ஒன்றுதானே என்று நானும் நினைத்ததுண்டு. என் இருபதுகளில் எனக்கும் இதே கோளாறு. ‘கல்யாணத்துக்குள்ள சரி பண்ணிடணும்’ என்று இனிப்பை நிறுத்தினார்கள். மகன் பிறந்தான், காவலும் முடிந்தது. அதன்பின் நான் என்ன சாப்பிடுகிறேன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. பிசிஓடி உள்ளவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம் என்று எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. 42 வயதில் எனக்குச் சர்க்கரை வந்தது. பிள்ளைக்காகச் சொல்லப்பட்ட அறிவுரை, பிள்ளை பிறந்த அன்றே காலாவதியாகிவிட்டது.

படித்துறையிலேயே இதை அவளிடம் சொன்னேன். எழுபது வயதிலும் அவள் நன்றாக நடக்க வேண்டும், அதற்காகச் சர்க்கரையைக் குறைக்கச் சொல்கிறேன் என்றேன். காப்பரிசிப் பாத்திரத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டாள்.

இரவு அண்ணனுக்கு ஃபோன் செய்து, “நீ, பையன், பொண்ணு, மூணு பேரும் சேர்ந்து போய் சர்க்கரை டெஸ்ட் எடுத்துடுங்கண்ணா” என்றேன்.

“பையனுக்கு எதுக்கும்மா?” என்றான்.