காயத்துக்கு நன்றி சொல்லலாமா?

2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்தபோது, மணமேல்குடியில் எங்கள் அம்மா வீட்டுக் கொல்லையில் நின்ற வேம்பு விழுந்தது. அதைப் பற்றிப் பேச ஊரில் யாருக்கும் அவகாசமில்லை. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் தோப்பு தோப்பாகச் சாய்ந்து கிடந்தன. கரையோரத்தில் படகை இழந்தவர்கள் இருந்தார்கள், கூரையை இழந்தவர்கள் இருந்தார்கள். அதற்கு நடுவில் ஒரு வீட்டு வேம்பு எம்மாத்திரம்? கிளைகளை அக்கம்பக்கத்தார் அடுப்புக்கு வெட்டிக்கொண்டார்கள். அடிமரத்தை மரவாடிக்காரர் எடுத்துப் போனார். அவர் வேண்டாமென்று அறுத்துத் தள்ளிவிட்டுப் போன ஒரு முண்டு மட்டும் கொல்லையில் கிடந்தது.

அடிமரத்தில் இடுப்பு உயரத்தில் குடத்தளவுக்குப் புடைத்திருந்த முண்டு அது. சின்ன வயதில் மரமேற அதுதான் எனக்கு முதல் படி. 'மரத்துக்குக் கழலை' என்பாள் அம்மா. வேலைக்கு வந்த வயதான ஆசாரி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது வேலைக்கு ஆகாது ஆத்தா. இழை எந்தப் பக்கம் ஓடுதுன்னே தெரியாது. உளி வச்சா சிலாம்பு சிலாம்பா பேத்துக்கிட்டு வரும். அடுப்புக்குப் பொளக்கக்கூட முடியாது."

வேலைக்கு ஆகாது என்ற சொல்லைப் பெண்கள் எத்தனை முறை கேட்டிருப்போம். அதனாலோ என்னவோ அதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. ஆசாரி சொன்னபடி அறுத்த முகத்தில் சாணி பூசித் திண்ணை நிழலில் வைத்தேன். ஈரம் வேகமாகப் போனால் மரம் வெடித்துவிடும். நிதானமாகக் காய வேண்டும். 2020இல் ஊரடங்கு வந்து, நான் கைப்பேசியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த மாதங்களில், ஒரு மத்தியானம் அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். ஆசாரியிடம் பழைய உளி ஒன்று, அரம் இரண்டு, ஒரு கொட்டாப்புளி கடன் வாங்கினேன். "உங்களுக்கு எதுக்கு ஆத்தா இந்த வேலை?" என்று கேட்டுக்கொண்டேதான் கொடுத்தார்.

அவர் கேட்டதில் கேலி இல்லை, வழக்கம்தான் இருந்தது. நம் வீடுகளில் மரத்தை அதிகம் தொடுபவர்கள் பெண்கள்தான். உலக்கை, மத்து, அகப்பை, அரிவாள்மனைக் கட்டை, பல்லாங்குழிப் பலகை என்று எல்லாமே நம் உள்ளங்கை பட்டுப் பட்டு மெருகேறியவை. ஆனால் உலக்கையைப் பிடித்த கை உளியைப் பிடித்ததில்லை. மரத்தைத் தேய்த்தவர்கள் பெண்கள் என்றாலும் செதுக்கியவர்களாகப் பேர் வாங்கியவர்கள் ஆண்கள். வங்கத்தில் அவனீந்திரநாத் தாகூர் முதுமையில் காய்ந்த கிளைகளையும் வேர்களையும் பொறுக்கி உருவங்கள் செய்தார். அதை மேதையின் விளையாட்டு என்று இன்றும் கொண்டாடுகிறோம். 1916இல் பிறந்த லீலா முகர்ஜி சாந்திநிகேதனில் படித்தவர். நேபாளத்தில் மரபுவழிச் சிற்பி ஒருவரிடம் மரம் செதுக்கக் கற்று, வாழ்நாளெல்லாம் மரத்தில் வேலை செய்தவர். அவரைப் பினோத் பிஹாரி முகர்ஜியின் மனைவி என்றோ, சிற்பி மிருணாளினி முகர்ஜியின் தாய் என்றோ சொன்னால்தான் பலருக்கும் தெரிகிறது.

முண்டின் பட்டையை உரித்தபோது உள்ளே முள் முள்ளாக நூறு புள்ளிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு கண். கரும்பில் கண் என்கிறோம், உருளைக்கிழங்கில் கண் என்கிறோம். துளிர் எங்கே உறங்குகிறதோ அந்த இடத்துக்குத் தமிழில் கண் என்றுதான் பெயர். மரம் அடிபடும்போதோ, பூச்சியோ பூஞ்சையோ உள்ளே புகும்போதோ, அந்த இடத்தில் சில சமயம் மொட்டுகள் கட்டுக்கடங்காமல் பெருகும். கிளையாக நீள முடியாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடையும். மேலே ஓட வேண்டிய இழை ஒவ்வொரு கண்ணையும் சுற்றி வளைந்து சுழிக்கும். அந்தச் சுழிதான் முண்டின் அழகு.

அந்தச் சுழியில் உளி செல்லாது. நேர் இழை மரத்தில் உளிக்கு ஒரு திசை உண்டு. இங்கே ஒரு விரற்கடைக்குள் நான்கு திசைகள். ஆசாரி சொன்னது போலவே முதல் வாரத்தில் சிலாம்பு பெயர்ந்தது. ஒரு பெண்முகம் செய்யலாம் என்று தொடங்கியிருந்தேன். நெற்றி என்று நினைத்த இடம் உதிர்ந்து குழியானது. பிறகு உளியை வைத்துவிட்டு அரத்தால் ராவினேன். உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டினேன். உப்புத்தாளால் தேய்த்தேன். வேப்பந்தூள் உதட்டில் பட்டு நாளெல்லாம் கசந்தது. முகத்தைக் கைவிட்டேன். குழி போன போக்கில் போனேன். எட்டு மாதங்களுக்குப் பிறகு கையில் இருந்தது முகமும் அல்ல, பாத்திரமும் அல்ல. ஒரு கை முழுதாக உள்ளே அடங்குகிற குழிவும், அதைச் சுற்றிச் சுழிகளும். எண்ணெய் தடவியதும் அத்தனை கண்களும் செம்பழுப்பில் விழித்துக்கொண்டன.

வீட்டுக்கு வந்த தோழி ஒருத்தி அதை வெகுநேரம் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எவ்வளவு அடிபட்டிருந்தா இவ்வளவு அழகு வந்திருக்கும்!"

கேட்டதும் எனக்குப் பெருமையாக இருந்தது. அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அந்த வாக்கியத்தை நானே ஒரு மேடையில் சொல்லியிருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரியில் கவிதைப் போட்டி. நான் நடுவர். இளங்கலை முதலாண்டு படித்த பெண் ஒருத்தி தன் வீட்டில் வாங்கும் அடியைப் பற்றி எழுதியிருந்தாள். பெல்ட்டின் கொக்கியைப் பற்றி அதில் ஒரு வரி இருந்தது. அரங்கம் அமைதியானது. முதல் பரிசு அவளுக்குத்தான். ஒலிபெருக்கியில் நான் சொன்னேன், "இந்த வலிதான் இவளைக் கவிஞராக்கியிருக்கிறது." கைதட்டினார்கள். மேடையிலிருந்து இறங்கும்போது அவள் கிட்டே வந்து, "மேடம், உங்க நம்பர் கிடைக்குமா?" என்று கேட்டாள். கவிதைகளை அனுப்பப் போகிறாள் என்று நினைத்தேன். "உங்க தமிழ்த்துறை மூலமா அனுப்புமா" என்று சொல்லிவிட்டு, பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினேன். அதன் பிறகு அவளைப் பற்றி எந்தத் தகவலும் எனக்கு இல்லை.

அந்தக் கவிதையை நான் வரி வரியாகப் படித்திருந்தேன். அது ஒரு செய்தியும்கூட என்பதை மட்டும் படிக்கவில்லை.

வலியைப் போற்றுவது நமக்குப் பழகிய ஒன்று. 'பட்ட கஷ்டம்தான் அவளைப் பக்குவப்படுத்திச்சு' என்று கல்யாண வீட்டில் பேசுகிறோம். புடம்போட்ட பொன் என்கிறோம், தேயத் தேய மணக்கும் சந்தனம் என்கிறோம். இந்த உவமைகளில் எல்லாம் ஒரு வசதி இருக்கிறது. பொன்னை யார் நெருப்பில் போட்டார், சந்தனத்தை யார் தேய்த்தார் என்று கேட்க வேண்டியதில்லை. விளைவு நன்றாக இருந்தால் செய்தவன் மறைந்துவிடுகிறான். இன்னும் ஒரு படி போனால் அவனுக்கே நன்றி சொல்லும்படி ஆகிறது. 'அவன் அப்படி இருந்ததாலதானே நீ இப்படி ஆன' என்று, விட்டு வந்த கணவனைப் பற்றி ஒரு பெண்ணிடம் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன்.

இந்த இடத்தில் முண்டு எனக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. முண்டு காயம் அல்ல. காயத்துக்கு மரம் செய்தது. வெட்டுபட்ட எல்லா மரமும் முண்டு விடுவதில்லை. பட்டுப்போகும் மரங்களே ஏராளம். காயத்துக்கு அழகு செய்யும் திறமை இருந்திருந்தால் விறகுக்கடைதான் உலகத்தின் பெரிய கலைக்கூடமாக இருந்திருக்கும். சுழித்து வளர்ந்த இழை மரத்தின் உழைப்பு. மரம் ஏற்கெனவே தன்னிடம் வைத்திருந்த உயிர் அது. அந்தப் பெண்ணின் கவிதையும் அப்படித்தான். பெல்ட் கவிதை எழுதவில்லை, அவள் எழுதினாள். அடி விழாமல் இருந்திருந்தால் அவள் வேறொரு கவிதை எழுதியிருப்பாள். எழுதாமலேகூட இருந்திருக்கலாம். நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். ஒரு கவிதை குறைவதால் தமிழுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

'காயம் இல்லாவிட்டால் முண்டும் இல்லையே' என்று கேட்கலாம். உண்மைதான். காரணமாக இருப்பது வேறு, நன்றிக்கு உரியதாக இருப்பது வேறு. புயல் இல்லாமல் இந்த மரம் என் மடிக்கு வந்திருக்காது. அதற்காகக் கஜாவுக்கு நன்றி சொல்ல என்னால் முடியாது. அந்தக் காற்றில் ஊர் எதை எதை இழந்தது என்று எனக்குத் தெரியும்.

முண்டு விட்ட மரத்தைப் பற்றிப் பழைய கதை ஒன்று உண்டு. கி.மு. 4ஆம் நூற்றாண்டுச் சீன ஞானி சுவாங்சுவிடம் நண்பர் ஒருவர் தன் மரத்தைப் பற்றிக் குறைப்படுகிறார். முண்டும் முடிச்சுமாக இருப்பதால் நூல் பிடித்து அளக்க முடியாது, எந்தத் தச்சனும் திரும்பிப் பார்ப்பதில்லை என்கிறார். உபயோகமில்லாததால்தானே அதன்மேல் கோடரி விழவில்லை, அதன் நிழலில் படுத்து இளைப்பாறு என்கிற பொருளில் சுவாங்சு பதில் சொல்கிறார். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் காரைக்கால் அம்மையார் நினைவு வரும். கணவன் காலில் விழுந்து விலகியதும், அவனுக்காகச் சுமந்த அழகான உடம்பை உதறிப் பேய்வடிவம் வேண்டிப் பெற்றார் என்கிறது பெரியபுராணம். வேலைக்கு ஆகாதவளாக ஆவதும் ஒரு பெண்ணுக்குப் புகலிடமாக இருந்திருக்கிறது.

இன்று அந்தப் புகலிடமும் இல்லை. முண்டுக்குச் சந்தையில் விலை வந்துவிட்டது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நூற்றாண்டுகள் கடந்த ரெட்வுட் மரங்களின் அடியில் பெரிய முண்டுகள் உண்டு. மேசைப் பலகைக்கும் அலங்காரப் பொருளுக்கும் அவற்றை உயிரோடு நிற்கும் மரத்திலிருந்தே திருட்டுத்தனமாக அறுத்தெடுத்தார்கள். 2014இல் அங்கே தேசியப் பூங்காவின் சாலை ஒன்றை இரவில் மூட வேண்டியதாயிற்று. அந்த முண்டில் இருப்பவை அலங்காரம் அல்ல. மரம் எரிந்தாலோ விழுந்தாலோ மறுபடி துளிர்ப்பதற்காக வைத்திருக்கும் மொட்டுகள். அறுத்த இடம் மரத்துக்குப் புதுக் காயம். காயத்தின் தழும்பை ரசித்து, அந்த ரசனைக்காகவே இரண்டாவது காயம் செய்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு இலக்கிய மேடைகள்தான் ஞாபகம் வந்தன. பெண் எழுதினால் வலியை எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். 'இன்னும் கொஞ்சம் உள்ளே போய் எழுதுங்கள்' என்கிறோம். உள்ளே போவது யாருடைய உடம்புக்குள்?

அப்படியானால் முண்டைத் தொடவே கூடாதா, வலியை எழுதவே கூடாதா? தொடலாம், எழுதலாம். அவளுடைய கவிதை அவளுடையது. அதை எழுதியதில் அவளுக்குக் கிடைத்த பலத்தை மறுக்க நான் யார்? தன் முண்டைத் தானே செதுக்குகிறவளுக்கு நான் விதி சொல்லவில்லை. என் கேள்வி பார்வையாளருக்கானது. நடுவருக்கும் ஆசிரியருக்கும் வாசகருக்கும், அதாவது எனக்கு. விழுந்த மரமா, நிற்கும் மரமா என்று முதலில் பார். நிற்கும் மரமென்றால் அரத்தைக் கீழே வை.

வேலை முடியும் தறுவாயில் குழிவின் அடியில் உப்புத்தாள் எதிலோ தட்டியது. துருவேறிய ஓர் ஆணியின் தலை. கொல்லையில் துணி காயப்போடக் கொடிக்கயிறு கட்ட அடித்தது என்றாள் அம்மா. அடித்தது யார் என்று கேட்டேன். "நாந்தான். இல்லாட்டி உங்க அப்பாவா இருக்கும். யாரு கணக்கு வச்சா?" அந்த ஆணியால்தான் முண்டு வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இத்தனை மாதமும் இந்த மரத்தை யார் காயப்படுத்தியிருப்பார்கள் என்று யோசித்தபோது என் மனதில் பூச்சி இருந்தது, பூஞ்சை இருந்தது, புயல் இருந்தது. எங்கள் வீடு இல்லை. மரத்திலிருந்து கட்டிய அந்தக் கொடியில்தான் என் பள்ளிச் சீருடையும் காய்ந்தது.

இப்போது அந்த முண்டு துறையில் என் மேசைமேல் இருக்கிறது. மாணவிகள் பேசிக்கொண்டே குழிவுக்குள் கையை வைப்பார்கள். ஆணித் தலை விரலில் தட்டும். என்னவென்று கேட்பார்கள், சொல்வேன். யாராவது கவிதையோடு வந்தால் வாங்கிப் படிக்கிறேன். அதில் அடி இருந்தால், உவமையைப் பற்றிப் பேசுவதற்கு முன், "இது இப்பவும் நடக்குதா?" என்று கேட்கிறேன். சிலர் இல்லை என்கிறார்கள். அது கற்பனை என்று சிரித்தவர்களும் உண்டு. ஓரிருவர் பதில் சொல்லாமல் நின்றிருக்கிறார்கள். அவர்களுக்கு என் எண்ணைக் கொடுக்கிறேன். பெண்களுக்கான உதவி எண் 181, பதினெட்டு நிறையாத பிள்ளைகளுக்கு 1098 என்று சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் அடி வாங்கும் மனைவிக்கு மட்டுமல்ல, அந்த வீட்டு மகளுக்கும் உரியது என்று சொல்கிறேன்.

கவிதையைப் பற்றி அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம். முன்பு ஒருத்தி என்னிடம் எண் கேட்டபோது, எனக்குப் பேருந்துக்கு நேரமாகியிருந்தது.