டேங்க்கில் ஒரு கீறல்

ஞாயிறு காலை ஆறரைக்கெல்லாம் அந்த டீக்கடை வாசல் நிரம்பிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காடு பாலத்துக்குச் சற்று முன்னால். புல்லட், ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத் என்று பத்துப் பதினைந்து வண்டிகள். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. "அந்தச் செவப்பு ஜாவா இன்னிக்கி வரலியா?" என்றுதான் ஆளை விசாரிப்பார்கள்.

போன மாதம் ஒருவர் தன் புல்லட்டைக் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு வந்தார். கண்ணைப் பறிக்கும் குரோமியம், பொட்டுத் தூசி இல்லை. இறக்கி, துணியால் துடைத்து, எல்லோரும் படம் எடுத்து முடித்ததும் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஸ்டார்ட் செய்யவே இல்லை. கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு முழுசாக வரவில்லை.

பழைய புல்லட்டை எழுப்புவதே ஒரு தனிப் பழக்கம். சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் டீகம்ப்ரஸரைப் பிடித்து இன்னொரு சின்ன அழுத்து. பிறகு அதை விட்டுவிட்டு ஒரே மிதி. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். ஜாவாக்காரர்களுக்கு இந்தக் கதை வேடிக்கை. அவர்களுக்குக் கிக்கரும் கியரும் ஒரே லிவர்தான். ஆனால் அவர்கள் கவலை வேறு. மைசூர் ஆலையை 1996-லேயே மூடிவிட்டார்கள். ஒரு சின்னப் பாகத்துக்காகப் புதுப்பேட்டைச் சந்துகளில் வாரக்கணக்காக அலைந்தவர்கள் எங்களில் உண்டு.

ஓட்டினால் தேய்கிறது. சரி, ஓட்டாமல் வைத்தால்? கார்புரேட்டரில் பெட்ரோல் காய்ந்து பிசினாகி ஜெட்டை அடைக்கிறது. டேங்க் உள்ளுக்குள் துருப்பிடிக்கிறது. ஆயில் சீல் விறைத்துப்போய்க் கசிகிறது. அப்படியே வைத்திருப்பது என்று ஒன்று கிடையவே கிடையாது. டீக்கடையில் 'ஒரிஜினல் பெயின்ட்' கட்சிக்கும் 'புதுசாக்கு' கட்சிக்கும் வாராவாரம் நடக்கும் சண்டையில் நான் வாயைத் திறப்பதில்லை. காரணம் என் வீட்டு வண்டி.

அது என் தாய்மாமாவுடையது; 1978 மாடல். இங்கிலாந்தின் ரெடிச்சிலிருந்து பாகங்கள் வரவழைத்து 1955-ல் சென்னையில் பூட்டத் தொடங்கிய அதே புல்லட், அப்போது முழுக்கத் திருவொற்றியூரில் பிறந்துகொண்டிருந்தது. மாமா போன பிறகு பதினோரு வருடம் மாட்டுக் கொட்டகையில் கிடந்ததை நான் கொண்டுவந்தேன். அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, புது பிஸ்டன் மாட்டி, பெயின்டை இரும்பு தெரியுமட்டும் சுரண்டி, கறுப்பு அடித்து... எட்டு மாதம் ஆயிற்று. ஆலையில் யாரோ கையால் இழுத்திருந்த தங்கக் கோட்டை அழித்துவிட்டு, அதே மாதிரி இழுக்க ஆள் தேடியதைத் தனியாகச் சொல்ல வேண்டும், அத்தனை கூத்து.

மாமா மகள் பார்க்க வந்தாள். சுற்றி வந்தவள், டேங்க்கின் இடப்பக்கம் விரலால் தடவினாள்.

"இங்க ஒரு கீறல் இருக்குமே அத்தான்?"

சின்ன வயதில் டேங்க் மேல் ஒரு பக்கமாகக் காலைத் தொங்கப்போட்டுப் பள்ளிக்கூடம் போனவள். செருப்பின் பக்கிள் தினமும் உரசியிருக்கிறது. "அப்பா திட்டிக்கிட்டேதான் வருவாரு. ஒரு நாளும் எறக்கி விட்டதில்ல."

அந்தக் கீறலை எனக்கும் தெரியும். "ஆழமா இருக்கு சார், பட்டி போட்டு நிரவிடலாமா?" என்று பெயின்டர் கேட்டபோது தலையாட்டியவன் நான்தான்.

மாமா இருந்திருந்தால் அவரே யோசிக்காமல் நிரவியிருப்பார் என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய்யில்லை. அவருக்கு அது ஞாபகப் பொருள் இல்லை. உர மூட்டை ஏற்றிய வண்டி. அதில் எதைப் பொத்திவைக்க வேண்டும் என்ற கேள்வியே அவர் போன பிறகு வந்ததுதான். வந்தபோது பதில் சொல்லும் இடத்தில் நான் இருந்தேன். அவளைக் கேட்டிருக்கலாம். ஃபோன் நம்பர் இருந்தது.

"கழட்றதுக்கு முன்னாடி போட்டோ எடுத்திருப்பீங்கல்ல?" என்றாள். எடுத்திருந்தேன், நாற்பதுக்கு மேல். இருவரும் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தோம். புல்லட் என்றால் எல்லோரும் சைலன்சர் பக்கமாக நின்றுதான் படம் எடுப்பார்கள். நானும் எல்லாவற்றையும் வலப்பக்கமிருந்தே எடுத்திருந்தேன்.