சரி பண்ணலாமா, மாத்திடலாமா?

நத்தத்திலிருந்து மதுரைக்குள் இறங்கும் பறக்கும் பாலம் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளம். 2023இல் திறந்தார்கள். வண்டி ஓடும்வரை அது நல்ல பாலம். நின்றுவிட்டால் ஒதுங்க ஒரு மரமில்லை, தண்ணீர் கேட்க ஒரு கடையில்லை. 2024 மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு என் கார் அங்கேதான் நின்றது. டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விட்டது. பானட் இடுக்கிலிருந்து ஆவி வந்தது. பின்சீட்டில் அம்மா. பதினொரு மணிக்கு அவளுக்கு டயாலிசிஸ்.

வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். ஒரு முறை தவறினால் வெளியேற வேண்டிய தண்ணீரும் பொட்டாசியமும் உடம்பிலேயே தங்கும். மூச்சு முட்டும், இதயம் தடுமாறும். தாமதமாகப் போனாலும் கஷ்டம்தான். அதே மெஷினுக்கு மூன்று மணிக்கு இன்னொருவர் காத்திருப்பார்.

மாங்காய் ஏற்றிவந்த மினி லாரி ஒன்று நின்றது. ஓட்டிவந்த தம்பி அம்மாவைத் தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்தார். காரை அப்படியே விட்டுவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். ஐம்பது நிமிடம் தாமதம். அன்று அம்மாவுக்கு மூன்று மணி நேரம்தான் கிடைத்தது. காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது.

மறுநாள் மெக்கானிக் அண்ணன் கணக்குச் சொன்னார். ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, ஹெட் வளைந்திருக்கலாம், லேத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும், ரேடியேட்டர் புதிது, வாட்டர் பம்ப் புதிது. எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய். "பண்ணிரலாம் டீச்சர். ஆனா அடுத்து எது போகும்னு நான் சொல்ல முடியாது. யோசிச்சுக்கங்க."

நான் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு பழைய காரைப் பற்றி யோசிக்க இவ்வளவு என்ன இருக்கிறது என்றுதான் முதலில் நானும் நினைத்தேன்.

கணக்கிலிருந்தே தொடங்கலாம். காருக்கென்று நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். கடைசி இரண்டு ஆண்டுகளில் செல்ஃப் மோட்டார், கிளட்ச், பேட்டரி, இரண்டு முறை ரேடியேட்டர் பற்றவைத்தது, பதினைந்து ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பித்தது எல்லாம் சேர்த்து 52,400 ரூபாய். ஆர்.சி. புதுப்பிக்க மட்டும் கட்டணம் 5,000. 2022 ஏப்ரலுக்கு முன்னால் இது 600 ரூபாயாக இருந்தது. மொத்தத்தையும் மாதத்துக்குப் பிரித்தால் 2,200 ரூபாய்கூட வரவில்லை. ஓரளவு நல்ல பழைய கார் ஒன்று வாங்கினால் 2,80,000 ஆகும். சொசைட்டி லோன் போட்டால் மாதம் 7,500 பிடிப்பார்கள். வாடகைக் காரில் போய்வந்தால் மாதம் 15,000. பேருந்து இருக்கிறது. 2021இலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் நமக்கு டிக்கெட்டும் இல்லை. அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் டயாலிசிஸ் முடிந்து ரத்த அழுத்தம் இறங்கிப்போய் வரும் எழுபத்து நான்கு வயதுப் பெண்ணால் பஸ் ஸ்டாண்டில் நிற்க முடியாது.

ஆக, நோட்டு சொல்வது தெளிவு. சரி பண்ணுவதுதான் மலிவு. 24,000 கொடுத்தாலும் மலிவு.

பணம் மட்டுமல்ல, சரி பண்ண வேண்டும் என்பதற்கு வேறு காரணங்களும் எனக்கு இருந்தன. இந்தக் கார்தான் என் பெயரில் பதிவான முதல் பொருள். 2012இல், கல்யாணத்தை விட்டு வெளியே வந்த மறுவருடம், நான்கு வருடம் ஓடிய வண்டியாக வாங்கினேன். அதில்தான் ஓட்டப் பழகினேன். ஸ்டெப்னி மாற்ற, பிளக் கழற்றித் துடைக்க, பேட்டரி முனையில் பூக்கும் வெள்ளையைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவ இதில்தான் கற்றேன். ஒர்க்‌ஷாப்பில் "சார் வரலையா மேடம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்தினார்கள். இப்போது வரும் வண்டிகளில் பாதிக் கோளாறை ஸ்கேனர் மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். வண்டியை மாற்றினால் பன்னிரண்டு வருடம் சேர்த்த அறிவில் பாதியை ஒர்க்‌ஷாப் வாசலில் விட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

பெண்ணுக்கும் இயந்திரத்துக்கும் ஆகாது என்று நினைப்பவர்களுக்கு பெர்த்தா பென்ஸின் கதையைச் சொல்லலாம். ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்கு 1886இல் காப்புரிமை வாங்கினார். அவர் தொழிலைக் காப்பாற்றியது மனைவி பெர்த்தாவின் சீதனப் பணம். காப்புரிமை அவர் பெயரில். வண்டியை வாங்க ஆளில்லை. 1888 ஆகஸ்டில் பெர்த்தா கணவரிடம் சொல்லாமல், இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த அம்மா வீட்டுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பற்றவைக்கும் கம்பி உரசியது. காலுறைப் பட்டியைச் சுற்றினார். பிரேக் கட்டை தேய்ந்தது. செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தரச் சொன்னார். உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணத்தில் வண்டியைச் சரி பண்ணியது ஒரு பெண். இதைப் படித்த நாளிலிருந்து, பானட்டைத் திறக்கும்போதெல்லாம் ஒரு துணை இருப்பதாகத் தோன்றும்.

இவ்வளவும் ஒரு பக்கம். மறுபக்கத்தை எனக்குக் காட்டியது, வீட்டுக்கு வந்த பெரியப்பா.

"இதைப் போய்க் கட்டிக்கிட்டு அழறியே, தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கு" என்றார். நல்ல யோசனைதான். ஆனால் அதைக் கேட்டபோது எனக்கு 2011 நினைவுக்கு வந்தது. அன்று அதே கூடத்தில் அதே பெரியப்பா, "உடனே வேணாம்னு சொல்லிறக் கூடாதும்மா. சரி பண்ணிப் பாரு" என்று சொன்னார். நான் அதற்கு முன்பே ஆறு வருடம் சரி பண்ணிப் பார்த்திருந்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், அம்மாவுக்கு டயாலிசிஸ் என்று முடிவானபோது, அவரே மருத்துவமனை வராந்தாவில் குரலைத் தாழ்த்திச் சொன்னது இன்னொன்று: "இந்த வயசுல இவ்வளவு செலவு பண்ணி என்னம்மா பிரயோஜனம்?"

காரை மாற்று. கல்யாணத்தைச் சரி பண்ணு. அம்மாவை விட்டுவிடு. பெரியப்பா கெட்டவர் இல்லை. மூன்றையும் அக்கறையோடுதான் சொன்னார். எதைச் சரி பண்ண வேண்டும், எதை மாற்றலாம், எதற்கு இனிச் செலவு வேண்டாம் என்று சொல்லும் உரிமை தனக்கு இருக்கிறது என்பதில் அவருக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை. அந்த மூன்று முடிவிலும் விலை கொடுக்கப்போவது அவர் இல்லை என்பதும் அவருக்குத் தோன்றியதில்லை.

இம்மானுவேல் காண்ட் 1785இல் எழுதிய அறவியல் நூலில் ஒரு பிரிவினை செய்கிறார். சிலவற்றுக்கு விலை உண்டு; விலை உள்ளதன் இடத்தில் அதற்கு ஈடான இன்னொன்றை வைக்கலாம். சிலவற்றுக்கு மாண்பு உண்டு. மாண்பு உள்ளதற்கு ஈடு கிடையாது, எனவே மாற்றும் கிடையாது. இதே காண்ட் பிற்காலத்தில் பெண்களைச் சுயமாக நிற்க முடியாத குடிமக்கள் பட்டியலில் சேர்த்தார் என்பதையும் மறக்க வேண்டாம். அவர் கருவியை அவருக்கு எதிராகவும் நாம் எடுத்துப் பயன்படுத்தலாம். கார் விலை உள்ளது. அம்மா மாண்பு உள்ளவள். இதில் யாருக்கும் குழப்பமில்லை. கல்யாணம் எதில் சேர்த்தி? என்னிடம் பேசிய எல்லோரும் கல்யாணத்தை ஓர் ஆளைப் போலவே நடத்தினார்கள். அதற்கு அடிபடக் கூடாது, அது உடையக் கூடாது, அதன் மானம் போகக் கூடாது. அது ஓடுவதற்காக மாட்டிவைத்த ஸ்பேர் பார்ட்டாக நான் இருந்தேன். உறவு எவ்வளவு பெரியதானாலும், அது அதற்குள் இருப்பவர்களுக்காகத்தான். உள்ளே இருப்பவளைத் தேய்த்துத்தான் அது ஓடும் என்றால், அதைச் சரி பண்ணுவது நல்லொழுக்கம் ஆகாது.

சரி பண்ணுவதைப் பற்றி எலிசபெத் ஸ்பெல்மன் என்ற பெண்ணியத் தத்துவவாதி 2002இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். மனிதர்களைப் பழுதுபார்க்கும் உயிரினமாகவே அவர் பார்க்கிறார். கார் மெக்கானிக்கின் வேலையும், கிழிந்த உறவுகளை ஒட்டவைக்கப் பெண்கள் வீட்டுக்குள் செய்யும் வேலையும் அதில் பக்கத்துப் பக்கத்தில் வரும். மெக்கானிக்குக் கூலி உண்டு, பில் உண்டு, 'இனித் தாங்காது' என்று சொல்லும் அதிகாரம் உண்டு. வீட்டுக்குள் சரி பண்ணுகிறவளுக்கு அந்த மூன்றும் இல்லை. 'இனித் தாங்காது' என்று அவள் சொன்னால் வண்டியில் கோளாறு என்று யாரும் நினைப்பதில்லை. அவளுக்குக் கைப்பக்குவம் போதவில்லை என்பார்கள்.

அப்படிப் பழகிய கை, காரையும் அதே போலத்தான் பிடித்திருந்தது என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

என் நோட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். 2022 நவம்பரில் 'பேட்டரி – 3,800' என்று இருக்கிறது. அது நடந்தது இரவு ஒன்பதரை மணிக்கு. கல்லூரியில் ஒரு நிகழ்ச்சி முடிந்து திரும்பும் வழியில், அழகர்கோயில் மலை இருட்டாகத் தெரியும் ஒரு வளைவில் வண்டி அணைந்தது. உள்ளே பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விளக்கைப் போட்டால் தனியாகப் பெண் இருப்பது தெரியும். போடாவிட்டால் பின்னால் வரும் லாரிக்கு வண்டி தெரியாது. போடுவதும் அணைப்பதுமாக, இருந்த கொஞ்ச மின்சாரத்தையும் தீர்த்தேன். மெக்கானிக் அண்ணன் பையனை அனுப்ப ஒன்றேகால் மணி நேரம் ஆனது. நோட்டில் அதெல்லாம் 3,800.

ஓர் ஆணுக்கு வண்டி நிற்பது பெரும்பாலும் தாமதம். இறங்கி ஒரு பீடி பற்றவைத்துப் போகிற வருகிறவர்களிடம் கையைக் காட்டலாம். அதே கோளாறுக்கு, அதே சாலையில், எனக்கு வேறு விலை. வராத ஜுரத்துக்கு லீவு போட்டது, "வண்டி நின்னிருச்சு சார்" என்று முதல்வரிடம் மூன்றாவது முறை சொன்னது, கிளம்பும் ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் முள்ளையே பார்த்துக்கொண்டு ஓட்டியது, எதற்கும் கணக்கில் இடமில்லை. அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. பாலத்தின் மேல் விலை கொடுத்தது நான்கூட இல்லை, பின்சீட்டில் இருந்தவள். என் சிக்கனத்துக்கும் என் பற்றுக்கும் ஒரு மணி நேர டயாலிசிஸை அம்மா கொடுத்தாள். யாரோ கொடுக்கும் விலையைத் தன் முடிவில் சேர்க்காததுதானே பெரியப்பாவிடம் எனக்கிருந்த குறை?

அன்று இரவு அம்மாவிடம், "இனி அதுக்குச் செலவு பண்றது வீண்மா, குடுத்திரலாம்" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என்னையும் இப்படித்தான சொன்னாக" என்றாள்.

வராந்தாவில் தாழ்த்திய குரல் அவளுக்குக் கேட்டிருக்கிறது. இரண்டு ஆண்டாக அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நீ வேறு, கார் வேறு என்று சொல்வது எளிது. ஆனால் அவள் வளர்ந்த வீட்டிலும் வாழ்ந்த வீட்டிலும் அவளை யாரும் அப்படி வேறாக வைத்ததில்லை. வேலை செய்யும்வரை அவள் தேவைப்பட்டாள். வேலை நின்றதும் செலவானாள். பழசானதைத் தூக்கிப் போடும் பேச்சு எங்கே எழுந்தாலும் அது தன்னைப் பற்றியது என்றுதான் அவளுக்குக் கேட்கும்.

கடைசியில் இவ்வளவுதான் சொன்னேன்: "நீ போய்ச் சேரணும்னுதாம்மா அந்தக் கார். உனக்காகத்தான் அதை மாத்துறேன். அதுக்காக உன்னைக் காக்க வைக்க முடியாது." அவள் தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. ஆனால் சொன்ன பிறகு எனக்கு ஒன்று தெளிவானது. ஒரு பொருளை நாம் மாற்றலாம் என்பதற்கே காரணம், மாற்ற முடியாத ஒருவர் அதை நம்பி இருக்கிறார் என்பதுதான். ஆளிடம் காட்ட வேண்டிய பொறுமையை நான் காரிடம் காட்டிக்கொண்டிருந்தேன். காரிடம் போட வேண்டிய கணக்கைப் பெரியப்பா ஆளிடம் போட்டார்.

விற்பதும் எளிதாக இல்லை. பார்க்க வந்த முதல் இரண்டு பேரிடமும் ஹெட் கேஸ்கெட் விஷயத்தைச் சொன்னேன், போய்விட்டார்கள். "எல்லாத்தையும் ஏன் டீச்சர் சொல்றீங்க?" என்று மெக்கானிக் அண்ணன் கோபித்துக்கொண்டார். சொல்லாமல் விற்றால், அடுத்து ஒரு வளைவில் விளக்கை அணைத்துக்கொண்டு உட்காரப்போவது யார் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், தானே பிரித்து வேலை பார்த்துக்கொள்வதாகச் சொல்லி 15,000க்கு எடுத்துக்கொண்டார். சாவியைக் கொடுக்கும்போது அழுகை வந்தது. அதை மறைக்கவில்லை. ஒன்றை விடுவது சரி என்பதற்காக அது வலிக்கக் கூடாது என்றில்லை. இதை நான் 2011லேயே கற்றிருந்தேன்.

இப்போதிருப்பதும் பழைய கார்தான், ஏழு வயது. வாங்கும் முன் நானே பானட்டைத் திறந்து பார்த்தேன். முதல் செவ்வாய்க்கிழமை பாலத்தில் ஏறியபோது அம்மா கேட்டாள்: "இது நிக்காதா பாப்பா?"

"இதுவும் ஒருநாள் நிக்கும்மா."

சொசைட்டி லோன் மாதம் 7,500 போகிறது. மாசக் கடைசியில் கை இறுகுகிறது. நோட்டைப் புதிதாகத் தொடங்கியிருக்கிறேன். தேதி, வேலை, தொகை என்று மூன்று பத்திகள்தான் முன்பு இருந்தன. இப்போது நான்காவதாக ஒன்று போட்டிருக்கிறேன்: யார், எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்று எழுதுவதற்கு.