அறியாப் பிழையும் அறிந்த மௌனமும்

சாய்ந்தமருது இளைஞர் ஒருவர்க்குக் கல்முனையில் எழுதுவினைஞர் பணி கிடைத்ததெனக் கொள்வோம். பணியேற்பதற்கு முதல்நாள் தம் பெறுபேற்றுச் சான்றிதழை நோக்குகின்றார். ஆங்கிலத்திற் சாதாரண சித்தியே பெற்றிருக்க, விண்ணப்பத்தில் திறமைச் சித்தி என எழுதிவிட்டமை புலனாகின்றது. வஞ்சம் அன்று, நினைவின் தடுமாற்றமே. ஒருவரும் வினவிலர். தமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியரிடம் வந்து, யாது செய்வதென்று கேட்கின்றார். நாம் யாது கூறுவோம்?

அறியாது எழுதியதிற் குற்றமில்லை என்பார் உளர். எழுதியபோது இல்லைதான். ஆயின் நேற்று மறதி எழுதிய சொல்லை இன்று அவர் மௌனமன்றோ எழுதுகின்றது? அச்சொல்லினால் மற்றொருவர் அப்பணியை இழந்திருத்தலுங் கூடும்.

2024 டிசம்பரில் பாராளுமன்ற இணையத்தளம் நீதி அமைச்சர் ஹர்ஷண நாணயக்கார அவர்களைக் ‘கலாநிதி’ எனப் பிழைபடக் குறித்திருந்தது. அப்பட்டம் தமக்கில்லை என அவரே வெளிப்படுத்தினார். பிறர் கைப்பிழைக்கே அது வேண்டுமாயின், தம் கைப்பிழைக்குக் கூறவும் வேண்டுமோ?

ஆதலின், பணியேற்குமுன் சான்றிதழின் பிரதியோடு நான்கு வரிக் கடிதம் கொடுத்தல் கடன். பணி கைநழுவவுங் கூடும். அதனை நாம் மறைத்தல் தகாது.

ஆசிரியர்காள்! தன் பிழையைத் தானே கூறிய மாணாக்கனை நாம் பிரம்பால் வரவேற்றிருப்போமாயின், இவ்விளைஞர் நம்பால் வந்திரார். மறைத்தலை அன்றே நாம் கற்பித்திருப்போம்.