சாவித்திரி தனியே நடந்தாள்

கணவனுக்கோ மனைவிக்கோ ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும் பல வீடுகளில் முதலில் சாத்தப்படுவது வாசற்கதவுதான். ‘நாலு பேருக்குத் தெரிய வேண்டாம், நாமே பார்த்துக்கொள்வோம்.’ இதில் கூச்சம் மட்டுமல்ல, ஓர் அறமும் ஒளிந்திருக்கிறது: துணைக்குச் செய்ய வேண்டியதைத் துணையே செய்ய வேண்டும், பிறர் கையை எதிர்பார்த்தால் கடமையில் குறை. கணவன் உயிருக்காக யமன் பின்னால் தனியே நடந்த பாரதத்துச் சாவித்திரியை இதற்குச் சாட்சிக்கு அழைப்பார்கள். (மணக்கவிருந்த பிரமத்வரைக்காகத் தன் ஆயுளில் பாதியைக் கொடுத்த ருருவும் அதே பாரதத்தில்தான் இருக்கிறான், ஆண்களுக்கு அவனை யாரும் நினைவூட்டுவதில்லை.)

ஆனால் இந்த நோய் ‘நானே’ என்ற சொல்லுக்கு இடம் கொடுப்பதில்லை. கீமோ கொடுத்ததும் எலும்பு மஜ்ஜை கொஞ்ச காலம் வேலையை நிறுத்திவிடும். பிளேட்லெட் சரியும், ஈறில் ரத்தம் கசியும். ஏற்ற வேண்டிய பிளேட்லெட்டை மாதக்கணக்கில் சேர்த்துவைக்கவும் வழியில்லை. வெளிர்மஞ்சள் திரவம் நிரம்பிய அந்தப் பையை 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில், தொட்டில்போல் ஆடும் தட்டில் வைத்திருப்பார்கள். பொதுவாக 5 நாள்தான் அதன் ஆயுள். ஆகவே இந்த வாரத்துத் தேவைக்கு இந்த வாரமே யாராவது கை நீட்டியாக வேண்டும். மஜ்ஜை மாற்று என்றால் நிலைமை இன்னும் வினோதம். உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. முப்பது வருடம் ஒரே பானைச் சோறு தின்ற துணைக்கோ, ரத்த உறவில் கட்டியிருந்தாலொழிய, தெருவில் போகிறவருக்கு உள்ள வாய்ப்புதான். 2009இல் சென்னையில் தொடங்கிய ‘தாத்ரி’ போன்ற கொடையாளர் பதிவகங்கள் நம்பியிருப்பதே முகம் தெரியாதவர்களைத்தான்.

கேட்பது இழிவல்லவா என்பார்கள். லேசாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல இது. ‘இரவச்சம்’ அதிகாரத்தில், பசுவுக்குத் தண்ணீர் என்று கேட்பதைக்கூட நாவுக்கு இழிவென்கிறார் வள்ளுவர். ஆனால் ‘ஒப்புரவறிதல்’ அதிகாரத்தில் நல்லவர் செல்வத்தை ஊருணியோடு ஒப்பிட்டவரும் அவரே. ஊருணியில் குடத்தை முக்குகிறவரை இரப்பவர் என்று யாரும் சொல்வதில்லை. பிளேட்லெட் இதற்கு இன்னும் பொருத்தம்: கொடுத்தவர் உடம்பில் சில நாளிலேயே அது மறுபடி ஊறிவிடுகிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. உதவ வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ‘போன ஜென்மத்துப் பாவம்’ என்ற தீர்ப்பையும் யாரோ சொன்ன நாட்டுமருந்தையும் சேர்த்தே கொண்டுவருகிறார்கள். உண்மைதான். அதற்காகக் கதவை அடைக்க வேண்டியதில்லை, வாசலில் ஒரு காவல் போதும். வெள்ளணு குறைந்திருக்கும் நாட்களில் மருத்துவர்களே பார்வையாளர்களைத் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள் என்பதால் அந்தக் காவலை யாரும் தப்பாகவும் எடுத்துக்கொள்ள முடியாது. சூடான இட்லியோடு கேரியர் வாசல்வரை வரட்டும். பிள்ளையைப் பக்கத்து வீட்டார் பள்ளியில் விடட்டும், பில் கவுண்டர் வரிசையில் மச்சான் நிற்கட்டும். ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சல் ஏறி உடம்பு தூக்கிப்போடும்போது நோயாளி எந்தக் கையைத் தேடுகிறாரோ, அந்தக் கை அப்போது வரிசையில் நின்று சோர்ந்துபோயிருக்காது.