உதவி கேட்பது தன்மானத்துக்கு இழுக்கா?

நம்மவர் வீட்டுப் பிள்ளையொருவன் சர்வகலாசாலைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டான் என்றால் அச்செய்தி அவ்வீட்டளவில் நிற்பதில்லை. தோட்டமாயின் மாலைக்குள் லயம் முழுவதும் பரவிவிடும். பட்டணமாயின் சங்கத்தார் மேடையேற்றி மாலை சூட்டிப் படம் பிடித்துக்கொள்வர். அங்ஙனம் மாலை சூட்டியோருள் யானும் ஒருவன். ஆயின், சில மாதங் கழித்து, முதற் பருவப் பரீட்சையிலே அதே பிள்ளை இரண்டு பாடங்களில் தவறினான் என்பதை நம்முள் எவரும் அறியோம். மலேசியக் கலாசாலைகளில் முழுத் தரப்புள்ளி 4.00. சராசரி 2.00-க்குத் தாழ்ந்தவனைப் பெரும்பாலும் நிபந்தனையின்மேல் படிக்க விடுவர். மீண்டும் தாழ்ந்தால் வெளியேற்றவும் கூடும். அந்நிலையில் நிற்கும் பிள்ளை வாய் திறப்பதில்லை. தன்னை மேடையேற்றியவரிடமே தன் தோல்வியை எங்ஙனம் சொல்வான்?

அவன் தவறியது தெரியவந்தால், "தலையெழுத்து" என்பார் ஒரு சாரார். சீர்திருத்தம் பேசும் நமக்கு இதனை மறுப்பது எளிது. ஜாதகமா கணக்குப் பாடம் படிக்கிறது? நம்மைச் சங்கடத்துக்குள்ளாக்குவது அப்பிள்ளையே கூறும் சொல்: "எவரிடத்தும் போய் நிற்கமாட்டேன், என் முயற்சியாலேயே தேறுவேன்." இதனை அவனுக்குக் கற்பித்தவர் நாமேயன்றோ? குனியாதே, பிறர் தயவை நாடாதே என்று பல்லாண்டு பேசியும் எழுதியும் வந்தோம். கங்காணிக்கும் துரைக்கும் கைகட்டி நின்றவனின் பேரனுக்கு அவ்வுபதேசம் இன்றியமையாததாகவே இருந்தது. அதே உபதேசம் இன்று நள்ளிரவிலே, விளங்காத நூலின்முன், அவனைத் தனியே உட்கார வைத்திருக்கிறது. இதுதான் தன்மானமா என்பதே நம் கேள்வி.

இக்கேள்விக்கு வெளிச்சந் தருவது தொலைதேசத்தில் நடந்த ஒரு விஷயம். அமெரிக்காவிலே, கலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலையில், 1970-களில் யூரி டிரைஸ்மன் என்னும் கணித ஆசிரியர், நுண்கணித வகுப்பிலே கறுப்பின மாணவர் ஏன் மிகுதியாகத் தவறுகின்றனர் என்று ஆராயப் புகுந்தார். ஊக்கமில்லை, அடிப்படைப் படிப்பு போதாது, வறுமை, பெற்றோருக்கு அக்கறையில்லை என்று பிற ஆசிரியர் கூறினர். (நம் நாட்டிலும் இதே பல்லவியைத்தானே கேட்கிறோம்!) டிரைஸ்மன் அதனை நம்பிவிடவில்லை. 20 கறுப்பின மாணவரையும் 20 சீன மாணவரையும் அவர்கள் படிக்கும் இடத்துக்கே சென்று கூர்ந்து நோக்கினார். சொன்ன காரணம் ஒன்றும் நிற்கவில்லை. சீன மாணவர் முதலில் தனித்துப் படித்துப் பின்னர் ஒன்றுகூடினர், விடைகளை ஒப்பிட்டனர், ஒருவர் பிழையை ஒருவர் திருத்தினர். கறுப்பின மாணவரும் உழைத்தே படித்தனர். ஆயின் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தனியாகவே படித்தனர். தம் பள்ளியில் தலைசிறந்து விளங்கியோர் அவர்கள். பிறர் துணையின்றியே அந்நிலைக்கு வந்தோர். எனவே, மெலிந்தோருக்கென்று கலாசாலை வைத்திருந்த உதவி வகுப்பின் வாயிலை அவர்கள் மிதிக்கவும் விரும்பவில்லை. அவர்களை உயர்த்திய குணமே இப்போது அவர்களை அமிழ்த்தியது.

டிரைஸ்மன் செய்தது யாது? உதவி என்ற சொல்லையே எடுத்துவிட்டார். கடினமான கணக்குகளைத் தந்து, கூடியிருந்து தீர்க்கும் சிறப்பு வகுப்பொன்றை அமைத்து, திறமையுடையோர்க்கென்றே அழைத்தார். வந்தனர், தேறினர், அவ்வகுப்பின் ஏனைய மாணவரையும் விஞ்சினர்.

"வளர்ந்தவனைக் கைப்பிடித்து நடத்துவதா? தகுதியில்லாதவனைத் தேற்றிவிட்டால் நாளை அவன் கட்டும் பாலத்தின்மேல் நடப்பது யார்?" என்று கேட்கும் அன்பரும் உளர். கேள்வி நியாயமானதே. பரீட்சையைத் தளர்த்துவதற்கு நான் ஒருநாளும் உடன்படேன்; அது அப்பிள்ளையையும் ஊரையும் ஒருங்கே ஏமாற்றுவதாகும். ஆனால் தளர்த்தாமலே துணை செய்யலாம். நியூயார்க் நகரச் சர்வகலாசாலை 2007-இல் தன் ஈராண்டுக் கலாசாலைகளில் ஒரு திட்டந் தொடங்கிற்று. பாக்கிக் கட்டணம், பாடநூல், ரயில் பஸ் சீட்டு ஆகியவற்றைத் தந்ததோடு, ஆலோசகரை மாணவர் அடிக்கடி கண்டு பேசவேண்டுமென்றும் விதித்தது. 2015-இல் வெளிவந்த ஆய்வின்படி, 3 ஆண்டுக்குள் பட்டயம் பெற்றோர் இத்திட்டமில்லாதாருள் நூற்றுக்கு 22 பேர். திட்டத்திலிருந்தோருள் 40 பேர். பஸ் சீட்டு இல்லாமையால் ஒரு படிப்பு நின்றுபோகக்கூடும் என்பது கார் வைத்திருப்போருக்கு விளங்காது. அதனினும் நான் பெரிதாகக் கருதுவது அந்த விதியையே. எல்லாரும் போயாகவேண்டும் என்னுமிடத்து, எவனும் கைநீட்ட வேண்டியதில்லை.

நம் பிள்ளைகளின் சுமையில் இன்னொன்றும் உண்டு. தமிழ்ப் பள்ளியிலே 6 ஆண்டு தாய்மொழியில் படித்து, இடைநிலைப் பள்ளியில் மலாய்க்கு மாறி, கலாசாலையில் பல துறைகளுக்கு ஆங்கில நூல்களைப் புரட்டுகின்றனர். மூன்றாவது மொழியில் ஒரு பக்கத்தை இருமுறை படிப்பவனை மந்தபுத்தி என்று சொல்லிவிடுகிறோம். அவன் வகுப்பிலே வாய் திறவாமைக்கும் அதுவே காரணமாகலாம்.

ஆகவே, தானே வந்து கேட்கட்டும் என்று காத்திருப்பது நீதியாகாது. வராதவனிடம் நாம் போகவேண்டும். போனால் மதிப்பெண்ணை விசாரிக்கலாகாது; அதைத்தான் அவன் அப்பா தினமும் தொலைபேசியில் விசாரிக்கிறார். "யாரோடு உட்கார்ந்து படிக்கிறாய், தம்பி?" என்று கேட்கவேண்டும். "ஒருவரோடும் இல்லை" என்றால், அதே துறையில் முன்னே தேறிய அண்ணனையோ அக்காளையோ அவ்வாரமே அவனிடம் அழைத்துப் போகவேண்டும். சிலருக்கு அத்துறையே பொருந்தாதிருக்கும். தகப்பனார் விரும்பியதால் சேர்ந்திருப்பர். அதையும் அப்போது தாராளமாகப் பேசிவிடலாம்.

எங்கள் சங்கத்தின் அலமாரியிலே இதுவரை மாலை பெற்ற பிள்ளைகளின் படங்கள் ஆண்டு வரிசையாக இருக்கின்றன. பெயரும் கலாசாலையும் அழகாக எழுதப்பட்டுள்ளன. அவர்களுள் படிப்பை முடித்தவர் யார், இடையில் வீடு திரும்பியவர் யார் என்பதற்கு அங்கே ஒரு வரியும் இல்லை. சென்ற வாரம் அப்படங்களை எடுத்துப் பார்த்தேன். நால்வரின் பெற்றோருக்குத் தொலைபேசியில் பேசினேன். அவர்களுள் ஒருவர், "எதற்காகக் கேட்கிறீர்கள்?" என்றார்.